கொல்லைப்புறத்துல பட்டறை, அதுலயே தங்குற இடம்: ஷெட்ட முதல்ல போட்டுட்டு அப்புறம் வீடாக்குறது லாபமா?

ஜூன் 2, கேள்வி

வீட்டுக்குப் பின்னாடி இடம் சும்மா கெடக்கு. 20க்கு 40 அடில மரவேலைப் பட்டறை போடணும், அதுலயே ஒரு ரூம், சமையல் மேடை, பாத்ரூம். இப்போதைக்கு நான் தங்குவேன், பின்னாடி அப்பா அம்மாவுக்கு. கையில பாதிப் பணம்தான் இருக்கு. என் எண்ணம் என்னன்னா முதல்ல வெறும் ஷெட்டா போட்டுட்டு, காசு சேர சேர வீடாக்கிக்கலாம், அதுதான் சல்லிசு. சரிதானே?

ஜூன் 2, ராத்திரி

சரியில்லங்க. நான் அதேதான் பண்ணேன், அதனால சொல்றேன்.

ஷெட் போடும்போது தரை மட்டும் ஊத்துனேன், 100 மிமீ கான்கிரீட். அடியில பாலிதீன் ஷீட் விரிக்கல, ஷெட்டுக்கு எதுக்குன்னு விட்டுட்டேன். சாக்கடை பைப் இல்ல, தண்ணி பைப் இல்ல, கரண்ட்டுக்கு வெறும் ஒரு வயரு மேலாப்புல இழுத்துக்கிட்டேன். ரெண்டு வருஷம் கழிச்சு உள்ள தங்கணும்னு வந்தப்போ பாத்ரூமுக்காக அந்தத் தரையவே கட்டர் வெச்சு அறுத்து, பிரேக்கர் போட்டு உடைச்சு, பள்ளம் தோண்டி, பைப் போட்டு, திரும்ப கம்பி கோத்து ஊத்துனோம். உடைக்கிறதுக்கு ஆன செலவு அந்தத் தரைய முதல்ல ஊத்துனதவிட ஜாஸ்தி. மிஷின் எல்லாத்தையும் ஒரு மூலையில தள்ளி தார்ப்பாய் போட்டு மூடுனோம், அப்படியும் கான்கிரீட் தூசி டேபிள் சாவோட (மேசை நடுவுல ரம்பம் சுத்துற மிஷின்) பேரிங் வரைக்கும் போயிடுச்சு.

ஈரம் அதவிட மோசம். ஷீட் இல்லாத தரையில மெத்தை போட்டுப் படுத்தா ஒரு மாசத்துல மெத்தைக்கு அடியில பூசணம். மண்ணுல இருக்குற ஈரத்த கான்கிரீட் பஞ்சு மாதிரி மேல இழுக்கும், பாக்க காஞ்சாப்புல இருக்கும், ஆனா அதுமேல எதையாவது மூடி வெச்சா தெரிஞ்சிரும். சாய்ச்சு வெச்ச பிளைவுட் அடி ஓரத்துல உப்பிக்கிட்டு வரும்.

அதனால மெல்ல மெல்ல கட்டுறது தப்பில்ல, ஆனா மண்ணுக்குக் கீழ போறது எல்லாம் முதல் நாளே வீட்டுக்குன்னு நெனச்சுப் போட்டுடணும். சாக்கடை, தண்ணி, கரண்ட் கேபிளுக்கு ஒரு பெரிய காலி பைப், நெட்டுக்கு இன்னொரு காலி பைப், ஷீட்டு, மிஷின் நிக்கிற இடத்துல கனமான தரை. மேல வர்றத எப்ப வேணா பண்ணிக்கலாம்.

ஜூன் 3, காலையில

சாக்கடை பத்தி தனியா சொல்லணும், ஏன்னா மொத்தக் கட்டடத்தோட உசரமும் அதுலதான் முடிவாகுது, யாரும் முதல்ல அத பாக்குறதில்ல, எல்லாரும் ஜன்னல் எங்க வைக்கலாம்னுதான் ஆரம்பிக்கிறாங்க.

4 இஞ்சு பைப்புக்கு 40க்கு 1 வாட்டம் குடுப்பாங்க. அதாவது 40 மீட்டர் போனா 1 மீட்டர் இறங்கணும். உங்க பாத்ரூம்லேர்ந்து பெரிய வீட்டு சேம்பர் (சாக்கடை பைப் வந்து சேருற, மூடி போட்ட தொட்டி) 18 மீட்டர் தூரம்னு வெச்சுப்போம், அப்போ 450 மிமீ இறக்கம் வேணும். அந்த சேம்பர் உள்ள பைப்போட அடி நிலத்துலேர்ந்து 600 மிமீ ஆழத்துல இருந்தா, உங்க பாத்ரூம் பக்கம் பைப்போட அடி நிலத்துக்கு வெறும் 150 மிமீதான் கீழ. பைப்பே 110 மிமீ தடிமன். மேல மூடுறதுக்கு 40 மிமீ மண்ணு. போதாது. ஒண்ணு, தரைய ஒசத்தணும், இல்ல தண்ணிய பம்ப் வெச்சு ஏத்தணும், பம்ப் ரிப்பேரானா என்ன ஆகும்னு நான் சொல்லத் தேவையில்ல.

அதனால முதல் வேலையா சேம்பர் மூடியத் தொறந்து டேப் விட்டு அளங்க. டிராயிங் அப்புறம்.

ஜூன் 3, மத்தியானம்

மாடியில தங்குற ரூம், கீழ பட்டறைன்னு வெச்சா என்னன்னு ஒருத்தர் கேட்டிருக்கார். நல்ல யோசனைதான்னு தோணுது, ஒரே அஸ்திவாரம், ஒரே கூரை, இடமும் மிச்சம். நான் திரும்பக் கட்டுனா அப்படித்தான் கட்டுவேன்.

ஜூன் 5

காசு கணக்கு. ஊருக்கு ஊரு வெலையும் வட்டியும் மாறும், அதனால கடன 100 பங்குன்னு வெச்சுக்கிட்டு சொல்றேன். வருஷத்துக்கு 10 சதவீத வட்டி, மாசத் தவணைன்னு எடுத்தா:

5 வருஷத்துல கட்டி முடிச்சா மாசம் 2.12 பங்கு, மொத்தம் கட்டுறது 127. 10 வருஷம்னா மாசம் 1.32, மொத்தம் 159 கிட்ட. 15 வருஷம்னா மாசம் 1.07, மொத்தம் 193. பாருங்க, 10லேர்ந்து 15க்குப் போனா மாசத் தவணையில 0.25 பங்குதான் கொறையுது, ஆனா மொத்தத்துல இன்னொரு 35 பங்கு ஏறுது. தவணை சின்னதா தெரியுதுன்னு நீட்டிக்கிட்டே போகாதீங்க. நான் 12 வருஷத்துக்கு எடுத்து, அஞ்சாவது வருஷம் கொஞ்சம் மொத்தமா கட்டி முடிச்சேன், அப்படி முன்கூட்டி கட்டுனா அபராதம் உண்டான்னு கையெழுத்துக்கு முன்னாடியே கேட்டு எழுத்துல வாங்கிக்கங்க.

இன்னொண்ணு, கடன ஒரே தடவையா கையில வாங்காதீங்க. வேலை 10 மாசம் ஓடுதுன்னா முழுசையும் முதல் நாளே எடுத்தா அந்த 10 மாசத்துக்கே 8 பங்குக்கு மேல வட்டி. வேலை ஆக ஆக கொஞ்சம் கொஞ்சமா எடுத்தா அதுல பாதிதான் வரும். அதோட காசு அக்கவுண்ட்ல சும்மா இருந்தா அது மிஷினா மாறிடும். எனக்கு மாறுச்சு. கூரைக்குன்னு வெச்சிருந்ததுல ஒரு பேண்ட் சா வாங்கிட்டு மூணு மாசம் தார்ப்பாய்க்குக் கீழ வேலை செஞ்சேன். பேண்ட் சா நல்ல மிஷின், அத சொல்லல, ஆனா மழையில நனைஞ்ச சுவரு காய அந்த வருஷம் முழுக்க ஆச்சு.

ஜூன் 5, ராத்திரி

காண்ட்ராக்டருக்குக் காசு குடுக்குறது பத்தி விட்டுட்டேன். வேலை எவ்வளவு நடந்திருக்கோ அதுக்கு மேல முன்பணம் போகக்கூடாது. கட்டம் கட்டமா எழுதிக்கங்க: அஸ்திவாரம் முடிஞ்சா இவ்வளவு, பேஸ்மட்டம் முடிஞ்சா இவ்வளவு, கூரை ஏறுனா இவ்வளவு. கடைசியில 5லேர்ந்து 10 சதவீதம் வரைக்கும் நிறுத்தி வெச்சு, ஒரு மழைக்காலம் தாண்டி ஒழுகலன்னா குடுக்குறதுன்னு பேசிக்கங்க, முதல்லயே பேசுனா யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க, பாதியில சொன்னா சண்டைதான். என் மேஸ்திரி நல்ல மனுஷன். அவர்கிட்டயே நான் எழுத்துல போட்டேன், போட்டதுனாலதான் கடைசிவரைக்கும் நல்லபடியா இருந்தோம்.

எதிர்பாராத செலவுக்குன்னு எல்லாரும் 10 சதவீதம் ஒதுக்கச் சொல்வாங்க. தரைக்கு மேல அது போதும். மண்ணு வேலைக்கு நான் 20 வெப்பேன். தோண்டுனாத்தான் தெரியும், பழைய கல்லு இருக்கோ, நெரப்புன மண்ணோ, தண்ணி ஊறுதோ.

ஜூன் 8

மாடி பத்தி மூணாம் தேதி நான் எழுதினது தப்பு. மூணு நாளா மனசுல ஓடிக்கிட்டே இருந்துச்சு, வாபஸ் வாங்கிக்கிறேன்.

முதல் காரணம் உங்க அப்பா அம்மா. கீழ பட்டறைக்கு 10 அடி உசரம் வேணும்னா (ஏன்னு பின்னாடி சொல்றேன்) தரைக்குத் தரை 3 மீட்டருக்கு மேல ஏறணும், 180 மிமீ படின்னா கொறஞ்சது 17 படி. வயசானவங்களுக்குன்னு கட்டுற ரூமுக்கு 17 படியா? எழுதும்போது எனக்கே ஏன் தோணலன்னு தெரியல. படிக்கட்டும் கிட்டத்தட்ட 4 மீட்டர் நீளம் ஓடும், கீழ பட்டறையில அவ்வளவு இடத்த அது சாப்பிட்டுரும், மிச்சமாகுதுன்னு சொன்ன இடம் அங்கயே போச்சு.

ரெண்டாவது, தீ. பட்டறையில எரியுற சாமான்தான் எல்லாம், மரத்தூள், தின்னர், வார்னிஷ். புகை மேலதான் போகும். அதுக்கு நேர் மேல ஒரு ஆள் தூங்குறது சரியில்ல. கீழ சீலிங்ல தீ தாங்குற ஜிப்சம் போர்டு அடிச்சு, வெளிப்பக்கமா ரெண்டாவது படி வெச்சா ஒத்துக்கலாம், ஆனா அந்தச் செலவுக்கு பக்கத்துலயே தரைமட்டத்துல ரூம் வந்துரும்.

பக்கத்துப் பக்கத்துல வைங்க. நடுவுல ஒரு தடுப்பு.

ஜூன் 8, கொஞ்ச நேரம் கழிச்சு

நடுத் தடுப்புன்னா வெறும் சுவர சொல்லல. 40 அடிய இப்படிப் பிரிச்சுப் பாருங்க: 21 அடி பட்டறை, 5 அடி நடுக்கட்டு, 14 அடி தங்குற ரூம். அந்த 5 அடி நடுக்கட்டுல ஒரு பக்கம் பாத்ரூம், மிச்சம் ஸ்டோரும் அலமாரியும். சமையல் மேடைய பாத்ரூம் சுவரோட முதுகுல ஒட்டி வைங்க, அப்போ தண்ணி, சாக்கடை எல்லாம் ஒரே சுவர்ல முடிஞ்சிரும். சின்ன வீட்டுல காசு அதிகம் தின்றது பாத்ரூமும் சமையலும்தான், ரூம்னா நாலு சுவருதான். அதனால சின்னதா கட்டுனா சதுர அடிக் கணக்குல ஜாஸ்தியாத்தான் வரும், காண்ட்ராக்டர் ஏமாத்துறார்னு நெனச்சுக்காதீங்க.

ரொம்ப முக்கியம்: பட்டறையிலேர்ந்து தூங்குற ரூமுக்கு நேரா கதவு வேண்டாம். நிறைய இடத்துல கட்டட விதியே கார் நிறுத்துற இடத்துலேர்ந்து படுக்கையறைக்கு நேர் கதவு கூடாதுங்குது, பட்டறைக்கும் அதே நியாயம்தான். வெளிய வந்து சுத்திப் போங்க. ரெண்டு நிமிஷ நடை. ரூமுக்குத் தனியா வெளிக் கதவும், ஆள் நுழைஞ்சு வெளிய குதிக்கிற அளவுக்கு ஒரு ஜன்னலும் இருக்கணும், கம்பி போட்டா உள்ளேர்ந்து தொறக்குற மாதிரி போடுங்க.

ஜூன் 9

சத்தம். டேபிள் சா, பிளேனர் (மரம் இழைக்குற மிஷின்) எல்லாம் ஓடும்போது 100 டெசிபெல் கிட்ட. 85 டெசிபெல்ல 8 மணிநேரம் இருக்கலாம், அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் நேரம் பாதியாகும்னு ஒரு கணக்கு இருக்கு, அப்படிப் பாத்தா 100க்கு 15 நிமிஷம்தான். உங்க காதுக்கு மஃப் போட்டுக்குவீங்க, பக்கத்து ரூம்ல இருக்குற அம்மாவுக்கு?

சுவர தடிமனாக்குனா போதும்னுதான் நானும் நெனச்சேன். சுவரோட எடைய ரெட்டிப்பாக்குனா 5, 6 டெசிபெல்தான் கொறையும், அவ்வளவுதான். ரெண்டு தனித்தனி சுவரு, ஒண்ண ஒண்ணு தொடாம, நடுவுல காத்து இடம், அதுதான் வேலை செய்யும். அதனாலதான் நடுக்கட்டு சொன்னேன், அலமாரிய வெச்சா அதுவே அந்த இடைவெளி.

ஓட்டை பத்தி ஒரு விஷயம், இது தெரிஞ்சதும் எனக்கு தூக்கிவாரிப் போட்டுச்சு. சுவர்ல 100ல ஒரு பங்கு தொறந்து இருந்தா, மிச்ச 99 பங்கு எவ்வளவு பெரிய கோட்டையா இருந்தாலும் மொத்தமா 20 டெசிபெலுக்கு மேல தடுக்காது. என் சுவர்ல பைப் போன ஓட்டைய சுத்தி அடைக்கவே இல்ல, ரெண்டு பக்கமும் ஸ்விட்ச் பாக்ஸ் முதுகோட முதுகா ஒரே இடத்துல குடைஞ்சிருந்தாங்க. அந்த ரெண்டையும் அடைச்ச அன்னிக்குத்தான் வீட்டுல நிம்மதியா போன்ல பேச முடிஞ்சுது. சுவருக்குப் போட்ட காசெல்லாம் அதுவரைக்கும் வீண்.

தரையும் சத்தம் கடத்தும். பட்டறைத் தரையும் ரூம் தரையும் ஒரே பலகையா ஊத்தாம, நடுவுல இடைவெளி விட்டு ஃபோம் வெச்சு ஊத்தச் சொல்லுங்க. கம்ப்ரசர மட்டும் வெளிய தனி கூண்டுல வைங்க, அது எப்போ ஆன் ஆகும்னே தெரியாது.

ஜூன் 11

கரண்ட். மெயின் போர்டுலேர்ந்து பட்டறை 40 மீட்டர், 4 சதுர மிமீ காப்பர் கேபிள் போதுமான்னு கேட்டிருக்காங்க. 3 ஹெச்பி மோட்டார், ஒரு ஹெச்பி 746 வாட், 230 வோல்ட் சிங்கிள் ஃபேஸ்ல ஓடும்போது 15 ஆம்ப்ஸ் கிட்ட இழுக்கும். ஸ்டார்ட் ஆகுற கணத்துல அது 6 மடங்கு, 90 ஆம்ப்ஸ். 4 சதுர மிமீ கேபிள் கிலோமீட்டருக்கு 4.6 ஓம். 40 மீட்டருக்கு 0.18 ஓம். 90 ஆம்ப்ஸுக்கு 16 வோல்ட் போகும். சமாளிக்கலாம்.

ஜூன் 11, அரை மணி கழிச்சு

நிறுத்துங்க, மேல போட்ட கணக்கு தப்பு. கரண்ட் போயிட்டுத் திரும்பி வரணும், 40 மீட்டர் இல்ல 80 மீட்டர். 0.37 ஓம், 90 ஆம்ப்ஸுக்கு 33 வோல்ட். 230 வர்ற இடத்துல 197தான் கெடைக்கும். இந்த மோட்டாரோட திருப்பு வலு வோல்டேஜோட வர்க்கத்துல போகும், அதனால கால் பங்குக்கு மேல வலு போச்சு, பிளேடு மெதுவா எழும்பும், மோட்டார் சூடாகும், ரூம்ல லைட் மங்கும். இதேதான் என் பட்டறையில நடந்துச்சு, ரெண்டு கெப்பாசிட்டர் மாத்துன அப்புறம்தான் எலக்ட்ரீஷியன் கேபிள கை காட்டுனார்.

10 சதுர மிமீ போட்டா 13 வோல்ட். 16 போட்டா 8. தங்குற ரூம்ல கெய்சர், ஏசி, அடுப்புன்னு அதுவும் சேரும், அதனால நான் 16க்கே போவேன். இப்ப காசு இல்லன்னா பெரிய காலி பைப்ப மட்டும் புதைச்சு உள்ள இழுக்குறதுக்கு ஒரு கயிறு விட்டு வைங்க, கேபிள் அப்புறம் வரட்டும். ரூமுக்கும் பட்டறைக்கும் தனித்தனி டிபி (கரண்ட்ட பிரிச்சுக் குடுக்குற பெட்டி), ரெண்டுலயும் 30 மில்லிஆம்ப்ஸ் லீக்கேஜ் பிரேக்கர் (கரண்ட் கசிஞ்சா தானா அணைக்குறது). பட்டறை ட்ரிப் ஆனா ரூம் இருட்டாகக் கூடாது.

கடைசி முடிவ உங்க எலக்ட்ரீஷியன் அளந்து சொல்லட்டும். நான் சொல்றது அவர்கிட்ட என்ன கேக்கணும்னு தெரிஞ்சுக்கத்தான்.

ஜூன் 12

10 அடி உசரம் ஏன்னா, 8க்கு 4 பிளைவுட் ஷீட்ட நிமித்தித் திருப்பும்போது மூலைக்கு மூலை 8.94 அடி. 9 அடி சீலிங்னா டியூப்லைட் உடையும். நீளமும் அதே கதைதான், டேபிள் சாவுக்கு முன்னாடி 8 அடி, பின்னாடி 8 அடி, மிஷின் 3 அடி, ஆக 19. அதனாலதான் பட்டறைக்கு 21 அடி வெச்சேன்.

ஜூன் 14

தூசி பத்தி யாரும் கேக்கல, நானே எழுதுறேன், இதுல எனக்கு பயம் உண்டு.

மரத்தூசிய உலக சுகாதார அமைப்போட புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1995லயே மனுஷனுக்குப் புற்றுநோய் வரவைக்கும்னு உறுதியான முதல் பிரிவுல சேத்துடுச்சு. தரையில பெருக்குற தூள் இல்ல ஆபத்து, கண்ணுக்குத் தெரியாத சன்னத் தூள்தான், மணிக்கணக்குல காத்துல மிதக்கும். பகல்ல வேலை செஞ்சுட்டு ராத்திரி அதே காத்துல தூங்குனா உடம்புக்கு ஓய்வே இல்ல. நான் 14 மாசம் அப்படித்தான் இருந்தேன், நடுச் சுவரு மேல கூரை வரைக்கும் எழும்பல, 8 அடில நின்னுச்சு, மேல திறந்தவெளி. காலையில எழுந்தா தலையணை உறையில விரலால கோடு போடலாம். அந்த இருமல் போக சுவர கூரை வரைக்கும் ஏத்துன அப்புறமும் ரொம்ப நாளாச்சு. சுவரு கூரைய தொடணும், தொட்ட இடத்த அடைக்கணும். இது ஒண்ண மட்டும் காசில்லன்னு தள்ளிப்போடாதீங்க.

டஸ்ட் கலெக்டர் (தூசி உறிஞ்சுற மிஷின்) வெச்சா எல்லாம் சரின்னு நெனப்போம், அதுலயும் ஒண்ணு இருக்கு. 6 இஞ்சு பைப்புல நிமிஷத்துக்கு 785 கன அடி காத்து போகும். உங்க 20க்கு 21 பட்டறை, 10 அடி உசரம்னா 4200 கன அடி, அஞ்சரை நிமிஷத்துக்குள்ள மொத்தக் காத்தும் வெளிய. அத வெளிய விடுற மாதிரி வெச்சா அந்த அளவு காத்து எங்கேர்ந்தாவது உள்ள வந்தாகணும், ஜன்னல் மூடியிருந்தா இருக்குற இடுக்கு வழியா தங்குற ரூமுலேர்ந்து இழுக்கும். அங்க கேஸ் கெய்சர் இருந்தா அதோட புகைபோக்கி வழியாவே தலைகீழா இழுத்துடும், கார்பன் மோனாக்சைடு உள்ள வரும், அதுக்கு நெறமும் இல்ல, வாசனையும் இல்ல. கேஸ் கெய்சரே வேண்டாம், கரண்ட்ல வைங்க. பட்டறைக்கு வெளிக்காத்து வர தனி வழி விடுங்க. ரூம்ல புகை அலாரம், மோனாக்சைடு அலாரம் ரெண்டும் முதல் ராத்திரியிலேர்ந்து இருக்கணும்.

அதோட லின்சீட் ஆயில் தொடைச்ச துணிய சுருட்டி மூலையில போடாதீங்க. அது காயும்போது சூடாகும், சுருட்டி வெச்சா சூடு உள்ளயே தங்கி தானாவே பத்திக்கும். தண்ணி ஊத்துன இரும்பு டப்பாவுல போட்டு மூடுங்க, இல்ல வெளிய ஒத்தை ஒத்தையா விரிச்சுக் காயப்போடுங்க.

ஜூன் 15

ஷெட்டுன்னு அனுமதி வாங்கிட்டு உள்ள தங்கிக்கலாமான்னு ஒருத்தர். வேண்டாம். இன்சூரன்ஸ்ல பட்டறைன்னு போட்டு உள்ள ஆள் தூங்கி, தீப்பிடிச்சா, நீங்க எழுதிக் குடுத்தது ஒண்ணு நடந்தது ஒண்ணுன்னு காசு வராம போக வாய்ப்பு இருக்கு. கடன் குடுக்குறவங்களும் தங்குற இடத்துக்கு ஒரு மாதிரி, ஷெட்டுக்கு ஒரு மாதிரிதான் பாப்பாங்க. முதல்லயே தங்குற இடம் கூடிய பட்டறைன்னு வாங்குங்க, அந்த வரைபடத்தோட கடன் கேளுங்க. கட்டுறது பாதிதான்னாலும் வரைபடம் முழுசா இருக்கட்டும்.

ஜூன் 19

கேள்வி கேட்டவர் நேத்து சொன்னார், கடனே வேண்டாம், கையில இருக்குற பாதிய வெச்சு எது வரைக்கும் போக முடியுமோ அது வரைக்கும்னு. நான் அஞ்சாம் தேதி எழுதினதப் படிச்சு பயந்துட்டாரோன்னு இருக்கு. வட்டிக் கணக்கு மட்டும் போட்டேன், தாமதத்தோட கணக்க போடல.

நான் பாதியில நின்ன அந்த 14 மாசத்துல என்ன ஆச்சுன்னா, குடும்பம் இருந்த இன்னொரு இடத்துக்கு வாடகையும் குடுத்தேன், சாமான் வெலையும் ஏறுச்சு, மூடாத சுவரு நனைஞ்சுது, வெளிய நீட்டிக்கிட்டிருந்த கம்பி துருப்பிடிச்சுது. எல்லாத்தவிட, ராத்திரி வேலைவிட்டு வந்து ஒரு பல்பு வெளிச்சத்துல பூச்சு வேலை பாத்து பாத்து மரவேலை மேல இருந்த ஆசையே ஒரு கட்டத்துல வத்திப் போச்சு. என் மனைவி ஒரு நாள் வந்து பாத்துட்டு, எப்போ முடியும்னு கேக்கல, எதுக்கு ஆரம்பிச்சோம்னு ஞாபகம் இருக்கான்னு கேட்டா. அந்த வாரம்தான் கடனுக்குப் போனேன்.

அதனால என் இப்போதைய எண்ணம் இது. கையில இருக்குற பாதிய மண்ணுக்குக் கீழ இருக்குறது எல்லாத்துக்கும், தரைக்கும், வெளிச்சுவருக்கும், கூரைக்கும், கதவு ஜன்னலுக்கும் போடுங்க. பூட்டிட்டுப் போற மாதிரி ஒரு கட்டடம், மழை உள்ள வராது, அங்க நிறுத்தலாம், எத்தன மாசம் வேணா நிக்கும், கெட்டுப்போகாது. அதுக்கப்புறம் நடுக்கட்டு, பாத்ரூம், ரூம் உள்வேலை, இதுக்கு மட்டும் கடன், சின்னதா, 5 வருஷத்துக்கு. நீங்க வாடகை குடுத்துக்கிட்டிருந்தா அதோட பலன் உடனே கெடைக்கும், ஏன்னா வாடகை நின்னுடும், அந்த வாடகையே தவணைக்குப் போகும். பட்டறை மிஷினுக்கு கடன் வாங்காதீங்க, கை உளியும் இழைப்புளியும் வெச்சு ஒரு வருஷம் ஓட்டலாம், நான் ஓட்டியிருக்கேன், அந்த வருஷம்தான் கை நல்லா பழகுச்சு.

ஆனா கூரை ஏறாம நிறுத்தாதீங்க. அடிச்சுச் சொல்றேன். கூரை வரைக்கும் வராதுன்னு தெரிஞ்சா இன்னும் ஆறு மாசம் சேத்து வெச்சுட்டு ஆரம்பிங்க.

ஜூன் 23

புது வரைபடம் பாத்தேன், ரொம்ப சந்தோஷம், நடுக்கட்டு அழகா வந்திருக்கு. மூணு விஷயம்.

சாக்கடைக்காக ரூம் தரைய 300 மிமீ ஒசத்தியிருக்கீங்க, சரி. ஆனா பட்டறையையும் சேத்து ஒசத்திட்டீங்க. பட்டறை தாழ்வாவே இருக்கட்டும், மரம் எறக்க, மிஷின் உருட்ட அதுதான் வசதி, பெட்ரோல் ஆவி மாதிரி காத்தவிட கனமானது ரூமுக்குள்ள வராது. ரூம் வாசல்ல அப்பா அம்மாவுக்கு படியோட சாய்தளமும் வேணும், 12க்கு 1 சரிவுன்னா 300க்கு 3.6 மீட்டர் நீளம் வரும். அத இப்பவே வரைபடத்துல போடுங்க, இல்லன்னா அந்த இடத்துல தண்ணித் தொட்டி வந்துரும்.

பாத்ரூம் கதவு 2 அடிதான் இருக்கு. 3 அடியாக்கி வெளிப்பக்கம் தொறக்குற மாதிரி வைங்க. உள்ள யாராவது விழுந்தா உள்பக்கம் தொறக்குற கதவத் தள்ள முடியாது.

தரை ஊத்துனா 7 நாள் தண்ணி காயாம பாத்துக்கங்க, முழு பலம் வர 28 நாள், அதுக்கு முன்னாடி கனமான மிஷின ஏத்தாதீங்க. 100 மிமீ தரைன்னா இரண்டரை, மூணு மீட்டருக்கு ஒரு வெட்டு போடச் சொல்லுங்க, விரிசல் அந்தக் கோட்டுலயே போகட்டும்.

ஜூன் 23, மறந்துட்டேன்

மண்ண மூடுறதுக்கு முன்னாடி எல்லா பைப்பையும் பக்கத்துல அளவு டேப் விரிச்சு வெச்சு போட்டோ எடுங்க, சுவரு மூலையும் அதே போட்டோவுல தெரியணும். நான் எடுக்கல. மிஷின் ஒண்ண தரையில போல்ட் போடறதுக்காக ட்ரில் பண்ணப்போ புதுசா போட்ட தண்ணி பைப்புலயே எறக்கிட்டேன், அந்த எடம் 40 செமீ தள்ளியிருந்தா தப்பிச்சிருக்கும். அந்தப் படத்த போன்ல மட்டும் வைக்காம ஒரு பிரிண்ட் போட்டு டிபி கதவுக்குப் பின்னாடி ஒட்டிடுங்க.